ரப்பர் நிரைகளுக்கு நடுவே ஓர் உலகப் போர்

இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட வீடியோ கேம்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கின்றன. 1981-இல் வந்த ‘காசில் வூல்ஃபென்ஸ்டைன்’ நாஜிக் கோட்டையிலிருந்து தப்பிக்கும் கைதியின் கதை. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் முனைப்பில் 1999-இல் ‘மெடல் ஆஃப் ஆனர்’ வெளியானது. 2002-இல் ‘பேட்டில்ஃபீல்ட் 1942’, 2003-இல் ‘கால் ஆஃப் டியூட்டி’. பின்னால் வந்த பெரும்பாலான விளையாட்டுகள் இவற்றில் கடைசி மூன்றும் போட்ட தடத்திலேயே ஓடின. நார்மண்டிக் கடற்கரையில் இறங்க வேண்டும், ஸ்டாலின்கிராடின் இடிபாடுகளில் வீடு வீடாகச் சுட வேண்டும், பெர்லினில் கொடி ஏற்ற வேண்டும். போரில் ஆறு கண்டங்களின் மக்கள் சிக்கியிருந்தாலும் திரையில் வருபவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களும் சில நாட்களும்தான்.

ஆசியக் களம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2008-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வார்’ பெலெலியு, ஒகினாவா தீவுகளுக்குப் போனது. 2003-இல் வந்த ‘மெடல் ஆஃப் ஆனர்: ரைசிங் சன்’ சிங்கப்பூரையும் பர்மாவையும் குவாய் ஆற்றுப் பாலத்தையும்கூடக் காட்டியது. ஆனால் அங்கும் ஆடுபவர் ஏற்கும் வேடம் ஓர் அமெரிக்கச் சிப்பாய். அந்தப் பாலம் இருக்கும் ரயில் பாதையைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழர்களே அதிகம். அவர்கள் புறப்பட்ட இடம் ஒரு ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. உலகப் போர் விளையாட்டுகளுக்குப் புதிய களம் தேடுகிறவர்கள் இன்னும் கால் வைக்காத இடம் அது.

புதுமை இடத்தில் மட்டும் இல்லை. ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதே ஒரு விளையாட்டின் உயிர். சுடுவதும் ஓடுவதும் மட்டுமே செயல்களாக இருந்தால், நார்மண்டியின் மணலை எடுத்துவிட்டு ரப்பர் மரங்களை வைத்தாலும் அது பழைய விளையாட்டுதான். இதை மாற்றிக் காட்டியவை சிறிய குழுக்கள். போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ முற்றுகையிடப்பட்ட நகரில் சிக்கிய சாதாரண மக்களைப் பற்றியது. அடுப்பு, மருந்து, பசி, குற்ற உணர்வு ஆகியவைதான் அங்கே கணக்கு. போலந்து அரசு 2020-இல் அதைப் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகமும் செக் அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘அட்டென்டாட் 1942’, நாஜிகளின் பிடியில் வாழ்ந்தவர்களை ஆடுபவர் பேட்டி காண்பதாகவே அமைந்தது. ‘த்ரூ த டார்க்கஸ்ட் ஆஃப் டைம்ஸ்’ பெர்லினில் ஹிட்லரை எதிர்த்த ஒரு சிறு குழுவை நடத்தும் விளையாட்டு. இன்றைய மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களின் கதைக்கு ஒத்துவருவது இந்த வழிதான்.

சிரம்பானைத் தலைநகராகக் கொண்ட இந்த மாநிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ரப்பர் காடாய்ப் பரவியது. லிங்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டம். சுவா பெத்தோங், பிராட்வால், கிர்பி, கெடிஸ் போன்ற தோட்டப் பெயர்கள் அங்கே பிறந்தவர்களுக்கு ஊர்ப்பெயர்களாகவே ஆகிவிட்டன. ஒவ்வொரு தோட்டமும் தனி உலகம். மேட்டில் துரை பங்களா, கீழே கிராணிமார் (எழுத்தர்) வீடுகள், அதற்கும் கீழே லயங்கள். மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, ஸ்டோர், புகைவீடு. விடியுமுன் பெரட்டு எனும் ஆளெடுப்பு. கங்காணி ஆள் கணக்குச் சொல்ல, கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் பதிய, ஆளாளுக்கு நிரை, அதாவது மர வரிசை, பிரித்துக் கொடுக்கப்படும். இடம், நேரம், ஆள், பொருள் நான்கும் இவ்வளவு துல்லியமாக வகுக்கப்பட்ட ஒரு வாழ்க்கை விளையாட்டு வடிவமைப்பாளருக்குக் கிடைப்பது அரிது. இங்கே விதிகளைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. தோட்டமே விதிகளால் ஆனது.

போர் வந்த விதமும் திரைக்குப் பொருந்துவது. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியது. பேர்ல் ஹார்பர் தாக்கப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னதாகவே அங்கே சண்டை தொடங்கிவிட்டது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் காரில் ஏறித் தெற்கே போனார்கள். ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று ரப்பர் இருப்புகளுக்குத் தீ வைக்கப்பட்டது. தோட்டத்து மக்களை யாரும் எங்கும் கூட்டிப்போகவில்லை. இரண்டு மூன்று தலைமுறைகளாக யாருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தார்களோ, அவர்கள் ஒரே இரவில் காணாமல்போனார்கள். விளையாட்டின் முதல் காட்சியாக அந்தக் காலையையே வைக்கலாம். பெரட்டு மணி அடிக்கிறது, ஆட்கள் வந்து நிற்கிறார்கள், பெயர் பதிய யாரும் இல்லை.

மரபான போர்க்காட்சி ஒன்று வேண்டும் என்றால் அதுவும் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. 1942 ஜனவரி 14 அன்று கெமாஸுக்கு மேற்கே, கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தருகே ஆஸ்திரேலியாவின் 2/30ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு கம்பெனி சாலையோரக் காட்டில் பதுங்கியிருந்தது. மாலை நான்கு மணி வாக்கில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிள்களில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். துப்பாக்கிகள் சைக்கிளில் கட்டிக் கிடந்தன. முதலில் வந்த நூற்றுக்கணக்கானோரைப் பாலத்தைக் கடந்து போகவிட்டு, அடுத்த கூட்டம் பாலத்தில் ஏறியதும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பின்னால் இருந்த பீரங்கிகளுக்குச் சொல்ல வேண்டிய தொலைபேசிக் கம்பி அறுந்து கிடந்ததால் பீரங்கிக் குண்டு ஒன்றும் வரவில்லை. பதுங்கியிருந்தவர்கள் காட்டு வழியே பின்வாங்கினார்கள். ஜப்பானியர் பாலத்தை விரைந்து சீர்செய்துவிட, மறுநாள் கெமாஸில் டாங்கிகளோடு சண்டை நடந்தது.

இதைச் சுடும் விளையாட்டாக மட்டும் ஆக்கினால் அதன் சாரம் போய்விடும். கெமெஞ்சேயில் நடந்தது முக்கால்வாசி காத்திருப்பு. எத்தனை பேரைப் போகவிடுவது, எப்போது விசையை அழுத்துவது, முன்னே போனவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பவைதான் அங்கே கேள்விகள். ஆடுபவருக்குத் துப்பாக்கியே கொடுக்காமல், மூச்சடக்கி எண்ணிக்கொண்டிருக்கும் வேலையை மட்டும் கொடுக்கலாம். அதே நிகழ்ச்சியை அருகிலுள்ள தோட்டத்துச் சிறுவன் ஒருவனின் கண்ணால் இன்னொரு முறை ஆடவைக்கலாம். மாடு தேடிப்போன அவனுக்கு யார் நண்பன், யார் பகைவன் என்று தெரியாது. சத்தம் எந்தத் திசையில், வீடு எந்தத் திசையில் என்பது மட்டுமே தெரிந்தாக வேண்டும்.

ரப்பர் தோட்டம் ஒரு வரைபடமாகவும் தனித்தன்மை கொண்டது. வெளியிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நேர்கோட்டில் மரங்கள், மேலே இலைக்கூரை, கீழே மங்கிய ஒளி, திசை தெரியாத குழப்பம். பால்மரம் வெட்டுகிறவருக்கோ ஒவ்வொரு மரமும் தெரிந்த முகம். எந்த மரத்தில் பட்டை கெட்டிருக்கிறது, எந்த நிரையின் முடிவில் கால்வாய், எங்கே காட்டு வேலி என்று இருட்டில்கூடச் சொல்லிவிடுவார். குறுவரைபடமும் திசைகாட்டும் அம்பும் இல்லாமல், மரங்களை நினைவில் வைத்தே வழி கண்டுபிடிக்கும் ஆட்டமுறை இதிலிருந்து பிறக்கும். முதல் ஒரு மணி நேரம் ஆடுபவர் பால் மட்டுமே வெட்டுகிறார். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. மங்கில் (பால் கிண்ணத்தில்) பால் நிறைய நேரம் பிடிக்கும். மழை வந்தால் அன்றைய உழைப்பு வீண். இப்படி முந்நூறு நானூறு மரங்களைச் சுற்றி வந்தவருக்கு அந்த நிரைகள் மனத்தில் பதிந்துவிடும். பிறகு ஒரு நாள் அதே நிரைகளுக்குள் ராணுவ லாரியின் விளக்கு வெளிச்சம் விழும்போது, எங்கே ஒளிவது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

‘ஜப்பான்காரன் காலம்’ என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் மூன்றரை ஆண்டுகள் அதன் பின் வருகின்றன. இது பசியின் காலம். மலாயா தன் அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வாங்கிவந்தது. கப்பல் நின்றதும் அரிசியும் நின்றது. ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் இப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்ததால் பால் வெட்டும் வேலையும் சுருங்கியது. மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். மூன்று வேளையும் கிழங்கு. கொசுவை ஒழிக்கக் கால்வாய்களில் எண்ணெய் தெளிப்பாரும் இல்லை, கொய்னாவும் கிடைக்கவில்லை என்றானதும் மலேரியா பெருகியது. துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை உடுத்தியவர்கள் உண்டு. வாழைக்குலை படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. அவற்றின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிந்தது.

குடும்பத்தைக் காப்பாற்றும் விளையாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? லயத்தில் ஒரு வீடு, ஐந்து வாய்கள். கிழங்கு விளைய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை எதைத் தின்பது? தாலியை விற்றுக் கொய்னா வாங்குவதா, அரிசி வாங்குவதா? நோட்டை இன்றே செலவழிப்பதா, நாளைக்கு வைத்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருக்கும் கஞ்சியைப் பங்கிடுவதா? வெள்ளைக்காரர் எழுதிய நாட்குறிப்புகளில் இடம்பெறாத முடிவுகள் இவை. ஆனால் லட்சக்கணக்கான மக்களுக்குப் போர் என்பது இந்த முடிவுகளாகவே இருந்தது.

இவை எல்லாவற்றிலும் வலிமையான களம் கிராணியின் மேசை. 1942-இன் நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை, சயாமின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை முன்பு சொன்ன அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் போட்டார்கள். 60,000-க்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க்கைதிகளை ஈடுபடுத்திய வேலைக்கு ஆள் போதவில்லை. 1943-இல் மலாயாத் தோட்டங்களின் பக்கம் கை நீண்டது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர், சோறு உண்டு என்று ஆசை காட்டினார்கள். வேலையும் அரிசியும் இல்லாத தோட்டத்தில் அந்தப் பேச்சு எடுபட்டது. முதலில் போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வராதபோது ஆசை காட்டுவது நின்றது, பிடித்துப்போவது தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். அந்தக் கணக்கைப் பெயர்களாக மாற்றியாக வேண்டியவர்கள் கிராணிகளும் கங்காணிகளும்.

ஆடுபவரைக் கிராணியாக உட்கார வைத்து, முன்னால் செக்ரோலைத் திறந்து வைக்கும் விளையாட்டை நினைத்துப் பார்க்கலாம். நாற்பது பேர் வேண்டும் என்கிறது உத்தரவு. பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் முந்தைய மணி நேரங்களில் ஆடுபவர் சந்தித்திருக்கிறார். ஒருவர் குடிகாரர், ஆனால் நான்கு பிள்ளைகளின் தகப்பன். ஒருவர் தனியாள், ஆனால் தோட்டத்தில் மருந்து தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருவர் கங்காணியின் தங்கை மகன். இறந்தவர் பெயரைப் பட்டியலில் வைத்திருந்தால் எண்ணிக்கை கொஞ்சம் நிரம்பும், அதிகாரி தலையெண்ணினால் கிராணிக்கே அடி விழும். காட்டுப் பக்கம் ஓடும்படி முந்தைய நாளே காதில் போட்டால் நால்வர் தப்பலாம், அந்த நால்வர் இடத்தில் வேறு நால்வர் போக வேண்டியிருக்கும். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற 2013-ஆம் ஆண்டு விளையாட்டு எல்லைச் சாவடி அதிகாரியின் மேசையை வைத்தே மனசாட்சியின் நாடகத்தை உருவாக்கிவிட்டது. தோட்டத்து மேசையில் இருக்கும் கனம் அதற்கும் கூடுதல், ஏனென்றால் இங்கே பெயர் எழுதுகிறவர் மாலையில் அதே லயத்து வழியாகத்தான் வீட்டுக்கு நடந்துபோக வேண்டும்.

கிராணிகளில் ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். இருவரையும் ஒரே விளையாட்டு தாங்க வேண்டும். நல்லவர், கெட்டவர் என்று மதிப்பெண் போடும் வழக்கமான முறை இதற்குப் பொருந்தாது. எவர் போனார், எவர் நின்றார் என்பதை விளையாட்டு நினைவில் வைத்திருந்தால் போதும். 1945-இல் திரும்பி வருகிறவர்களை அதே கிராணி பெரட்டுக் களத்தில் எதிர்கொள்ளும்போது தீர்ப்பு அதுவாகவே வந்து நிற்கும்.

சயாம் பயணமும் ரயில் பாதை போடும் வேலையும் தனிப் பகுதி. சிரம்பானிலும் கெமாஸிலும் மூடிய சரக்கு வண்டிகளில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். ஆட்கள் மட்டும் போகவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பாதை பிறகு திரும்பப் போடப்படவேயில்லை. 1943-இன் மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைப்பது, கழிப்பிடத்தைத் தள்ளி அமைப்பது என்ற ஒழுங்கு இருந்தது. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஓர் அமைப்பு எதுவும் இல்லை. சாவின் கணக்கில் தெரியும் வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியமான காரணம். கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த அப்படியொரு கல்லறைத் தோட்டம் கிடையாது.

இங்கே ஆட்டமுறை ஒரு பானைத் தண்ணீரைச் சுற்றி அமையலாம். விறகு நனைந்திருக்கிறது, களைத்துப்போனவர்களுக்குத் தாகம் பொறுக்கவில்லை, ஆற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே ஓடுகிறது. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று பத்துப் பேரை ஒப்புக்கொள்ள வைப்பதே அன்றைய போர். முன்பு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதையும் ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு நினைவில் வைப்பது இன்னொரு செயல். காகிதம் இல்லாத இடத்தில் இறந்தவரின் பெயரையும் தோட்டத்தையும் மனத்தில் சுமந்து வந்து வீட்டாரிடம் சொல்வது, உயிர் பிழைத்த ஒருவர் அங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். ஆடுபவரால் எத்தனை பெயர்களை நினைவில் கொண்டுவர முடிகிறது என்பதைப் பொறுத்துக் கடைசி அத்தியாயம் மாறலாம்.

பெண்களின் வழி வேறு பக்கம் திரும்புகிறது. ஜப்பானியர் துணையோடு இந்திய விடுதலைக்குப் படை திரட்ட, சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமியின் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கான பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தமிழ்ப் பெண்கள் பலர். சிலர் நாட்டுப்பற்றால் சேர்ந்தார்கள், சிலருக்கு அங்கே சோறும் மரியாதையும் கிடைத்தன. ஆண்களில் சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததற்குச் சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்பதும் ஒரு காரணம். 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது ராணிப் படைப் பெண்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி இரவு இரவாக நடந்தார்கள். தகப்பனைச் சயாமுக்குக் கொண்டுபோன ராணுவத்தின் கூட்டாளியாக நின்று மகள் துப்பாக்கி பிடிக்கிறாள். இந்த முரணை மழுப்பாமல் சொல்லும் விளையாட்டு, எளிதான வீரக்கதையைவிட நெடுநாள் மனத்தில் நிற்கும்.

தமிழரை மட்டும் வைத்து இந்த மாநிலத்தின் போரைச் சொல்லி முடிக்க முடியாது. 1942 மார்ச் மாதம் சீனச் சிற்றூர்கள் மீது ஜப்பானியப் படை பாய்ந்தது. ஜெலெபு வட்டாரத்தில் தித்திக்கு அருகே மார்ச் 18 அன்று நடந்த படுகொலையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்கள் பலர் காட்டுக்குள் இருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையோடு சேர்ந்தார்கள். காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் இரு பக்கத்து அச்சத்துக்கும் நடுவில் இருந்தார்கள். இரவில் வந்து கிழங்கு கேட்பவருக்குக் கொடுத்தால் பகலில் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பித்தாய் வரும். பகாவில் 1943 டிசம்பர் முதல் வேறொரு துயரம். சிங்கப்பூரின் உணவுச் சுமையைக் குறைக்க, ஏறத்தாழ 3,000 யுரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் அங்கே குடியேற்றினார்கள். அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை பார்த்தவர்கள் காடு வெட்டி விவசாயம் செய்ய வந்தார்கள். மலேரியாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த ஆயர் தேவால்ஸும் 1945 ஜனவரியில் மரித்தார். குடியேற்றத்தைக் கட்டியெழுப்பும் வகை விளையாட்டுகளில் நிலம் எப்போதும் வளம் தரும். பகாவைக் களமாகக் கொண்டால் அந்த வகையையே தலைகீழாக்க வேண்டும். மண் விளைச்சல் தராது, ஒவ்வொரு மழையும் கொசுவைத்தான் வளர்க்கும்.

முடிவும் வழக்கத்துக்கு மாறானது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகும் செய்தி எட்டியபோது போஸ் சிரம்பானில்தான் இருந்தார். ஆகஸ்ட் நடுவிலிருந்து பிரிட்டிஷ் படை வரும்வரை பல ஊர்களில் அதிகாரம் காட்டிலிருந்து வந்தவர்கள் கையில் இருந்தது. பழிவாங்கல்களும் நடந்தன. செப்டம்பர் 9 முதல் மோரிப் கடற்கரையிலும் போர்ட்டிக்சனிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவுகள் தரையிறங்கின. நார்மண்டியைப் போலத் திட்டமிட்ட பெரிய தரையிறக்கம், சுடுவதற்கு எதிரி இல்லாத தரையிறக்கம். மோரிப்பின் சேற்றில் வண்டிகள் புதைந்து நின்றன. கடற்கரையில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவராக ஆடுபவர் நிற்கலாம். பையில் இருக்கும் வாழைக்குலை நோட்டு செல்லாக்காசாகிவிட்டது, சயாமிலிருந்து ஆள் எப்போது வரும் என்று கேட்க ஒரு சிப்பாய் கிடைக்கமாட்டானா என்பது மட்டுமே அப்போது அவருடைய தேடல்.

இதை உருவாக்குவதில் இடர்களும் உண்டு. இறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் சிரம்பானிலும் பகாவிலும் வாழ்கிறார்கள். சித்திரவதையைக் காட்சிப்பொருளாக்குவது, பிணங்களைப் புள்ளிகளாக எண்ணுவது, ஜப்பானியர் அனைவரையும் ஒரே முகம் கொண்ட அரக்கர்களாக்குவது ஆகிய மூன்றையும் தவிர்த்தாக வேண்டும். மொழியும் சரியாக இருக்க வேண்டும். லயத்தில் தோட்டத்துத் தமிழ், சந்தையில் கலப்பு மலாய், தித்தியில் ஹக்கா, பெரட்டுக் களத்தில் ஜப்பானிய அதட்டல் என்று ஒலிகள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னைத் திரைப்படத் தமிழில் பேசும் கங்காணியை நெகிரி செம்பிலானில் எவரும் நம்பமாட்டார்கள்.

ஆதாரங்களுக்குக் குறைவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இந்தக் காலத்தின் பேச்சையும் பழக்கத்தையும் பதிந்துவைத்திருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஜப்பானிய ஆட்சிக் கால நினைவுகள் ஒலிப்பதிவாக இருக்கின்றன. போர்ட்டிக்சனில் ராணுவ அருங்காட்சியகம் உண்டு. கெமெஞ்சே பாலத்தருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டதால், பழைய லயத்தின் அளவையும் நிரையின் இடைவெளியையும் படமெடுக்கும் வேலைக்குத்தான் அவசரம் அதிகம்.

பணமும் நினைக்கும் அளவுக்குப் பெரிய தடையில்லை. பெரிய போர் விளையாட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தேவைப்படலாம். கிராணியின் மேசையையும் ஒரு லயத்து வீட்டையும் நானூறு மரங்களையும் வரைய ஒரு சிறு குழு போதும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையை மட்டும் களமாகக் கொண்டது. அடுத்த ஆண்டே அது பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. இட்லியும் புட்டும் செய்யும் முறையே அதில் ஆட்டமுறை. மலேசியாவிலும் கோலாலம்பூரை மையமாகக் கொண்டு விளையாட்டு நிறுவனங்கள் வளர்ந்திருக்கின்றன. 2020-இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட மெட்ரோனாமிக் அவற்றில் ஒன்று. அரசின் மின்னியல் பொருளாதாரக் கழகம் இத்துறைக்கு நிதியுதவியும் தருகிறது. வடிவமைப்பாளர், எழுத்தாளர், தோட்டத்துப் பேச்சு அறிந்த ஒருவர், வரலாற்றாசிரியர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கிராணியின் மேசையை வைத்து ஒரு மணி நேர மாதிரி ஒன்றை முதலில் செய்து பார்க்கலாம். சிரம்பானிலும் பகாவிலும் இருக்கும் குடும்பங்களிடம் அதை ஆடக் கொடுத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு மற்ற பகுதிகளுக்குப் போகலாம்.